ஹைபிரிட் சைக்கிளை மேம்படுத்த டயரிலிருந்து தொடங்குங்கள்

சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகையான ஹைபிரிட் சைக்கிளின் பாகங்களை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் கியரில்தான் கை வைக்கிறார்கள். ஆனால், ஓட்டும்போது உடனே உணரக்கூடிய மாற்றத்தைத் தருவது டயர்தான் என்பது என் உறுதியான கருத்து. தார்ச்சாலையில் மட்டுமே செல்பவர், கரடுமுரடான பட்டைகள் கொண்ட 40 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு, வழவழப்பான 32 அல்லது 35 மி.மீ. டயரைப் பொருத்தினால், மிதிக்கும் கால்களுக்கே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன், பழைய டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். முதல் எண் அகலம். ரிம்மில் டயர் அமரும் விட்டத்தைக் குறிக்கும் இரண்டாவது எண் புதிய டயரிலும் அப்படியே இருந்தாக வேண்டும்.

கியர் தொகுதியை மாற்றுவதற்கு முன் செயினை அளந்துவிடுங்கள். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (pin) மையத்தில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்தால், புதிய செயினில் 24 கண்ணிகள் தள்ளியிருக்கும் பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் பொதுவாகச் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பின்சக்கரத்தின் பற்களும் தேய்ந்திருக்கும் என்பதால், புதுச் செயின் அவற்றின்மீது வழுக்கும்.

பெடலை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், அதைக் கடிகாரச் சுற்றில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். புதிய பெடலின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே முடுக்குங்கள்.