யூடியூபைப் பார்த்து கோல்ஃப் மட்டை வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பயிற்சித் திடலில் எனக்குப் பக்கத்து விரிப்பில் ஓர் இளைஞர் புதிய அயர்ன் (எண் பொறித்த உலோக மட்டை) செட்டின் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மட்டையாக எடுத்து, எந்த யூடியூபர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதை உடன் வந்த நண்பருக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். வாங்குவதற்கு முன் தான் அதை ஒருமுறையாவது அடித்துப் பார்த்ததாக மட்டும் அவர் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. 2022-இல் அதே திடலில், அதே முகமலர்ச்சியோடு உறை கிழித்தவன் நான்.

அந்தத் தவறு கொடுத்த எரிச்சலில்தான் லாஃப்டும் (மட்டையின் முகம் பின்சாய்ந்திருக்கும் கோணம்) லையும் (தண்டு தரையோடு அமைக்கும் கோணம்) அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். இப்போது பழக்கமானவர்களுக்கு கிரிப் (கைப்பிடி) போடுவது, ஷாஃப்ட் (தண்டு) மாற்றுவது, மட்டையை இரண்டொரு டிகிரி வளைத்துக் கொடுப்பது ஆகிய வேலைகளையும் செய்துவருகிறேன். என்னிடம் வருகிற புதியவர்களில் பெரும்பாலோர், நான் செய்த அதே தவறுகளை நான் செய்த அதே வரிசையில் செய்துவிட்டு வருகிறார்கள். போலி மட்டையை வாங்காதீர்கள், தள்ளுபடிக் கூப்பனைக் கண்டு மயங்காதீர்கள் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

7 அயர்னின் தூரத்தைப் பார்த்து முழு செட்டை வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காணொளிகளில் இரண்டு அயர்ன் செட்டுகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் இரண்டிலிருந்தும் 7 அயர்னைத்தான் எடுப்பார்கள். கடைகளில் அடித்துப் பார்க்க வைத்திருப்பதும் 7 அயர்ன்தான் என்பதால் இந்த வழக்கத்தில் யாருக்கும் குறை தெரிவதில்லை. பத்துப் பத்துப் பந்துகள் அடிக்கப்படுகின்றன, பந்தின் பறப்பை அளக்கும் கருவியான லாஞ்ச் மானிட்டர் இரண்டு சராசரிகளைக் காட்டுகிறது, புதிய மட்டை பழையதைவிடப் பதினைந்து யார்டு கூடுதலாகப் போயிருக்கிறது. காணொளியின் முகப்புப் படத்தில் அந்தப் பதினைந்துதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஆனால் மட்டையின் அடியில் பொறித்திருக்கும் 7 என்ற எண் எதற்கும் அளவு அல்ல. கோல்ஃப் விதிகள் டிரைவர் (நெடுந்தொலைவு அடிக்கும் பெரிய மட்டை) தலையின் கொள்ளளவை 460 கன சென்டிமீட்டர் என்றும், மட்டையின் நீளத்தை 48 அங்குலம் என்றும் வரையறுக்கின்றனவே ஒழிய, 7 அயர்னுக்கு இத்தனை டிகிரி லாஃப்ட் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. டைட்லிஸ்ட் 620 எம்பி செட்டின் 7 அயர்ன் 35 டிகிரி. டெய்லர்மேட் ஸ்டெல்த் செட்டின் 7 அயர்ன் 28 டிகிரி. அடுத்தடுத்த இரண்டு அயர்ன்களுக்கு நடுவே ஏறத்தாழ 4 டிகிரி இருப்பது வழக்கம் என்பதால், இந்த 7 டிகிரி வேறுபாடு கிட்டத்தட்ட இரண்டு மட்டைகளுக்குச் சமம். முதல் வகையின் 5 அயர்னை ஒட்டிவரும் ஒரு மட்டைக்கு 7 என்று எண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது கூடுதலாகப் போகாமல் இருந்திருந்தால்தான் வியந்திருக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். அப்போது என் பையில் இருந்த பழைய 7 அயர்ன் 34 டிகிரி. நன்றாக அடிபட்டால் பந்து காற்றில் 140 யார்டு போகும். நான் பார்த்த காணொளியில் அதை வழங்கியவர், புதிய மட்டை 28 டிகிரி என்பதை நடுவில் ஒருமுறை தெளிவாகவே சொன்னார். அதை மறைத்தார் என்று அவர்மேல் பழிபோட எனக்கு மனமில்லை. கேட்டுக்கொண்டே கடந்துபோனவன் நான். 95,000 ரூபாய் கொடுத்து செட்டை வாங்கினேன்; முதல் வாரமே என் 7 அயர்ன் 155 யார்டு போயிற்று; நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை மூன்று முறை அறிவித்தேன்.

மூன்றாவது வாரம், மே மாத வெயிலில் கிரீன் (குழியைச் சுற்றிய குறும்புல் பரப்பு) காய்ந்து தரைபோல இறுகியிருந்த ஒரு காலையில், 145 யார்டு தொலைவிலுள்ள ஒரு பார் 3 குழிக்கு (மூன்று அடிகளில் முடிக்க வேண்டியது) புதிய 8 அயர்னை எடுத்தேன். அடி சுத்தம். பந்து கொடிக்கு நேராகப் போய் கிரீனின் நடுவில் விழுந்தது; விழுந்த பந்து நிற்காமல் உருண்டு, பின்பக்கச் சரிவைத் தாண்டி மணற்குழிக்குள் இறங்கியது. அடுத்த வாரமும் அதே குழியில் அதே கதை. பல ஆண்டுகளாக எனக்குக் கேடியாக வருகிறவர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சார், பந்து நல்லாத்தான் போவுது, நிக்க மாட்டேங்குதே! அந்தப் பழைய செட்டு எங்க சார்?" என்று கேட்டார். மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

லாஃப்ட் குறைந்தால் பந்தின் பின்சுழற்சி குறைகிறது. அது உயரம் குறைந்து, சாய்வாக வந்து தரையைத் தொடுகிறது. பந்து கிரீனில் நிற்க வேண்டுமானால் அது இறங்கும் கோணம் 45 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது ஆளுக்கேற்ப மட்டையைப் பொருத்தித் தரும் ஃபிட்டிங் செய்பவர்கள் கைக்கொள்ளும் பொது அளவு. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் வீரர்களின் 7 அயர்ன் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 முறை சுழன்று, 50 டிகிரியில் இறங்குகிறது. என்னுடைய புதிய 7 அயர்னைப் பின்னர் ஒருநாள் லாஞ்ச் மானிட்டர் முன்னால் அடித்துப் பார்த்தபோது சுழற்சி 4,600, இறங்கும் கோணம் 38. அயர்னின் வேலை குறிப்பிட்ட தொலைவில் பந்தை நிறுத்துவது. நான் காசு கொடுத்து வாங்கியதோ உருண்டோடும் பந்தை.

தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: தலையின் எடையைக் கீழே இறக்கி, முகத்தை மெல்லியதாக்கியதால் பந்து தானாகவே உயர எழும்புகிறது, ஆகவே லாஃப்டைக் குறைக்காவிட்டால் அது வானத்துக்குப் போய்விடும். இதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உயரம் கிடைக்க மட்டையில் வேகமும் வேண்டும். காணொளியில் அடிப்பவரிடம் அது இருந்தது, என்னிடம் இல்லை.

செலவு அத்தோடு முடியவில்லை. புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறுந்தொலைவு மட்டை) 43 டிகிரி. என்னிடம் ஏற்கெனவே இருந்த சாண்ட் வெட்ஜ் 56. முன்னது 120 யார்டு போகும், பின்னது 80. இடைப்பட்ட நாற்பது யார்டுக்குப் பையில் மட்டையே இல்லை. எங்களைப் போன்றவர்கள் ஒரு சுற்றில் மிகுதியாகச் சந்திப்பதோ அந்தத் தொலைவைத்தான். ஆகவே 48, 52 டிகிரிகளில் இரண்டு வெட்ஜுகள் வாங்கினேன். மேல்முனையில் 4, 5 அயர்ன்களின் லாஃப்ட் மிகக் குறைவாக இருந்ததால் பந்து எழும்பவே மறுத்தது. அவற்றை வீட்டில் வைத்துவிட்டு பந்தை எளிதாக எழுப்பும் ஹைபிரிட் வகை மட்டைகள் இரண்டு வாங்கினேன். பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் தராது என்பதால் எதையாவது சேர்த்தால் எதையாவது எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தும் சேர்த்தும் ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, முன்பு அடித்துக்கொண்டிருந்த அதே தொலைவுகளை, வேறு எண்கள் பொறித்த மட்டைகளால், மேலும் 62,000 ரூபாய் செலவழித்து அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பீட்டுக் காணொளியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், தூரத்தைப் பார்ப்பதற்கு முன் நிறுத்திவிட்டு இரண்டு மட்டைகளின் லாஃப்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 28 டிகிரி மட்டையை உங்கள் பையிலுள்ள 28 அல்லது 30 டிகிரி மட்டையோடு ஒப்பிடுங்கள். அதன் எண் 5 ஆக இருந்தாலும் 6 ஆக இருந்தாலும் பொருட்படுத்தாதீர்கள். பிறகு இறங்கும் கோணத்தைப் பாருங்கள். அதைத் திரையில் காட்டாத ஒப்பீட்டை நான் இப்போது பாதியிலேயே மூடிவிடுகிறேன். சென்ற ஆண்டு மூன்று பேரிடம் இதை விளக்கினேன், மூவரும் தலையாட்டினார்கள், இரண்டு பேர் அதே மாதம் செட் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் போனில் சொன்ன முதல் செய்தி, "சார், என் 7 அயர்ன் 165 போகுது!"

அடிப்பவரின் ஷாஃப்டையும் சேர்த்து வாங்குவது

பெரிய சேனல்களை நடத்துபவர்களில் பலர் பயிற்சி பெற்ற தொழில்முறையாளர்கள். ரிக் ஷீல்ஸ் பிரிட்டனின் தொழில்முறை கோல்ஃபர் சங்கமான பிஜிஏவின் உறுப்பினர். பிரைசன் டிஷாம்போ 2020-இலும் 2024-இலும் யு.எஸ். ஓப்பனை வென்றவர். லாஞ்ச் மானிட்டர் தயாரிக்கும் டிரேக்மேன் நிறுவனம் வெளியிட்ட அளவுகளின்படி பிஜிஏ டூர் வீரரின் டிரைவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 115 மைல். சராசரி ஆண் பொழுதுபோக்கு ஆட்டக்காரரின் வேகம் ஏறத்தாழ 93. அந்த 115-க்குப் பொருந்தும் ஷாஃப்ட், 93-இல் இரும்புக் கம்பிபோல விறைத்து நிற்கும். ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளுக்கும் தொழில்துறை முழுமைக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலராக இருக்கக்கூடும். ஆகவே எழுத்தைவிட எடையைக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒருவர், 130 கிராம் எடையுள்ள டைனமிக் கோல்ட் எக்ஸ் 100 ஷாஃப்டுகளைப் போட்டுக்கொண்டு, பதினோராம் குழிக்குப் பிறகு பந்து ஏன் வலப்பக்கமே போகிறது என்று கேட்டார். கை ஓய்ந்துபோகிறது என்பதைத் தவிர நான் வேறு எதைச் சொல்வது!

டிஷாம்போவைப் பார்த்து, எல்லா அயர்ன்களும் ஒரே நீளமாக இருந்தால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று வாங்குகிறவர்களும் உண்டு. கோப்ரா நிறுவனம் 2017-இலேயே அத்தகைய அயர்ன்களை விற்கத் தொடங்கிவிட்டது. எளிதாகியிருந்தால் இந்நேரம் எல்லோர் பையிலும் அதுதான் இருந்திருக்கும்.

ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் டிரைவர் மாற்றுவது

டெய்லர்மேட் வரிசையை மட்டும் பாருங்கள்: 2022-இல் ஸ்டெல்த், 2023-இல் ஸ்டெல்த் 2, 2024-இல் கியூஐ10, 2025-இல் கியூஐ35. ஒவ்வொன்றும் வெளியாகும் வாரத்தில், முன்கூட்டி வெளியிடக் கூடாது என்ற தடை நீங்கிய அதே மணி நேரத்தில், பத்துப் பதினைந்து காணொளிகள் ஒன்றாக வந்து விழுகின்றன.

டிரைவர் முகத்தின் துள்ளலுக்கு நெடுநாளாகவே வரம்பு இருக்கிறது. 2004 முதல், சிறிய உலோக ஊசலை முகத்தில் மோதவிட்டு, அது எத்தனை மைக்ரோ விநாடி ஒட்டியிருக்கிறது என்று அளப்பார்கள். வரம்பு 239, அதற்கு மேல் 18 வரை சலுகை. பெரிய நிறுவனங்கள் அந்த வரம்பை எப்போதோ எட்டிவிட்டன. ஆகவே நடுமுகத்தில் பட்ட பந்து சென்ற ஆண்டு மட்டையைவிட இந்த ஆண்டு மட்டையில் பெரிதாக வேகம் கூட வழியில்லை. நடுவிலிருந்து விலகிப் பட்ட அடிகளில் இழப்பைக் குறைப்பதில்தான் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது; அதுவும் ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்தால்தான் கையில் தெரிகிற அளவு. விலை குறைந்து கிடைக்கும் போன ஆண்டு மட்டையை வாங்கி, மீதிப் பணத்தில் பயிற்சியாளரிடம் போங்கள்.

ஆண்டு முழுவதும் இலவசமாக மட்டை பெறுபவரின் சொல்லைத் தன் நிலைக்குப் பொருத்துவது

அவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. குட் குட் என்ற யூடியூப் குழுவினர் மட்டை நிறுவனமான கேலவேயுடன் இணைந்திருந்ததை வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்தியாவிலும் விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிமுறைகள், இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றிப் பேசும்போதும் அதை அறிவிக்கச் சொல்கின்றன. ஆனால் அந்த மட்டையோடு நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பட்டர் மோகம்

அமெரிக்க வீரர் ஜே.ஜே. ஸ்பான் 2025 யு.எஸ். ஓப்பனை எல்.ஏ.பி. நிறுவனத்தின் பட்டரால் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) வென்ற பிறகு, தானாகத் திரும்பாத அந்த வகை பட்டரைக் கேட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். கருவி நல்லதுதான். ஆனால் அதன் சமநிலை முழுவதும் லை கோணத்தைச் சார்ந்தது. உங்கள் நிற்கும் முறைக்கு அளந்து செய்ததாக இருந்தால்தான் அது சொன்னபடி நடக்கும். ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள நண்பர் ஒருவர், ஆறடிக்காரர் பயன்படுத்தியதைப் பழைய பொருள் விலையில் வாங்கி, அதன் முனை தரையிலிருந்து தூக்கி நிற்க ஆடிக்கொண்டிருக்கிறார்.

பயிற்சித் திடல் பந்தில் சோதித்துப் பார்ப்பது

வேண்டாம். நீங்கள் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள்.

புதியது வந்த அன்றே பழைய செட்டை விற்பது

நான் 18,000 ரூபாய்க்கு விற்றேன். ஓராண்டு கழித்து, கூட ஐயாயிரம் தருகிறேன் என்று திருப்பிக் கேட்டேன். வாங்கியவர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பார் 3 குழியில் அவருடைய பந்து விழுந்த இடத்திலேயே நிற்கிறது.