சிம்பையில் எழுதிய கணிதக் கோவையை மேப்பிளுக்குக் கொண்டுசெல்லும் முறை

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் சுமார் 115 அடி, அதாவது 35 மீட்டர். அங்கிருந்து நழுவும் கல் கீழே சேர எடுக்கும் நேரம், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், 2ஹெச்/ஜி என்பதன் வர்க்கமூலம் ஆகும்; இதில் ஹெச் உயரம், ஜி புவியீர்ப்பு முடுக்கம். (கல்லைப் போட்டுச் சோதிக்க வேண்டாம், கீழே ஆட்கள் இருப்பார்கள்.) இந்தக் கோவையை வீட்டில் பைதான் நிரல்மொழியில் இயங்கும் இலவசக் கணித மென்பொருளான சிம்பையில் எழுதி, நாகர்கோவிலில் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள மேப்பிள் என்ற கணித மென்பொருளில் திறப்பதே நம் வேலை.

இரண்டுக்கும் பொதுவான மொழி, கணிதக் கோவைகளை ஒட்டுகளால் (டேக்) குறிக்கும் மேத்எம்எல். இதன் முதல் பதிப்பை இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 1998இல் வெளியிட்டது. இதில் பிரசன்டேஷன், கண்டென்ட் என இரு வகைகள் உண்டு. முதல் வகை, எந்தக் குறி எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும்; இரண்டாவது, கோவையின் பொருளைச் சொல்லும். சைனின் தலையில் −1 இருந்தால் அது நேர்மாறுச் சார்பா, தலைகீழியா என்பதை அதைக்கொண்டு கணினியால் உறுதியாக அறிய முடியாது. ஆகவே கணக்கீட்டுக்கு கண்டென்ட் வகையையே எடுக்க வேண்டும்.

சிம்பையில் ஹெச், ஜி இரண்டையும் குறியீடுகளாக அறிவித்து, கோவையை எழுதி, அதை மேத்எம்எல் என்ற செயற்கூற்றிடம் (ஃபங்ஷன்) கொடுங்கள். வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அது கண்டென்ட் வகையையே தரும். வந்த உரையைப் படித்தால், 'அப்ளை' ஒட்டுக்குள் முதலில் பெருக்கலைக் குறிக்கும் 'டைம்ஸ்', பிறகு வர்க்கமூலத்தைக் குறிக்கும் இரண்டு 'ரூட்' பகுதிகள் இருக்கும்: ஒன்றில் 2, மற்றொன்றில் ஹெச்/ஜி. சிம்பை 2ஐத் தானாகவே வெளியே எடுத்துவிடுகிறது என்பதால் வடிவம் மாறியதே தவிர மதிப்பு மாறவில்லை.

தொடக்கநிலையில் பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்ததுதான். சிம்பை தரும் உரையில் வெளிப்புற 'மேத்' ஒட்டு இருக்காது. அதை நாமே முன்னும் பின்னும் சேர்த்து, தொடக்க ஒட்டில் மேத்எம்எல்லின் பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) முகவரியையும், அதாவது ஒட்டுகள் எந்த மொழியைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரியையும், எழுத வேண்டும். அந்த முகவரியை ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள். மேப்பிளில் முழு உரையும் இரட்டை மேற்கோளுக்குள் செல்லவேண்டியிருப்பதால் இரண்டும் மோதாது.

மாறியின் பெயரை ஹெச்1 என எண்ணில் முடிக்காதீர்கள். சிம்பை அந்த எண்ணை எழுத்தின் கீழே நிற்கும் கீழ்க்குறியாக மாற்றி, மாறியின் பெயரைத் தாங்கும் 'சிஐ' ஒட்டுக்குள் பிரசன்டேஷன் வகை ஒட்டுகளைப் புகுத்திவிடும்.

மேப்பிளில் மேத்எம்எல் தொகுப்பின் இம்போர்ட்கண்டென்ட் கட்டளைக்கு அந்த உரையைக் கொடுத்தால் கோவை வந்து சேரும். பின்னர் இரு மென்பொருள்களிலும் ஹெச்சுக்கு 35, ஜிக்கு 9.8 எனப் பதிலிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ 2.67 வினாடி என்றே காட்ட வேண்டும்.