டேப்லெட் ஆப்பை ஆட்டோபைலட்டோட கோர்க்கறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், இது அமெரிக்காவுல எக்ஸ்பெரிமென்டல் கேட்டகரியில பறக்கற பிளேனுக்கு, அதாவது கராஜ்ல நாமளே ரிவெட் அடிச்சு கட்டினதுக்கு மட்டும்தான். நானும் என் ஃப்ரெண்டும் பாதிப்பாதி போட்டு டெக்ஸாஸ்ல ஆர்வி-9ஏங்கற ஒரு கிட் பிளேன் வச்சிருக்கோம், அதுல பண்ணினதைத்தான் எழுதறேன். செஸ்னா 172 மாதிரி ஃபேக்டரியில கட்டின சர்டிஃபைடு பிளேன்னா டேப்லெட்லேர்ந்து ஆட்டோபைலட்டுக்கு நீங்களா ஒயர் இழுக்கற வேலையே வேணாம், அமெரிக்க விமானத்துறையை கட்டுப்படுத்தற எஃப்ஏஏ விடாது. அங்க இருக்கற வழி வேற. பேனல்ல இருக்கற கார்மின் ஜிடிஎன் 650, 750 நேவிகேட்டர்ல ஃப்ளைட் ஸ்ட்ரீம் 510ங்கற கார்டு சொருகினா ஃபோர்ஃப்ளைட் ஆப்ல போட்ட ரூட் வயர்லெஸ்ல அதுக்கு போகும், நீங்க பாத்து ஏத்துக்கணும், அப்புறம் பிளேனை ஓட்டறது ஜிடிஎன், டேப்லெட் இல்ல. ரூட்டை அனுப்பறது வேற ஸ்டியரிங் பிடிக்கறது வேற, இதைப் போட்டு குழப்பிக்கிட்டு தப்பான ஆப்புக்கு சந்தா கட்டினவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க.

அதனால ஆப் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அது என்எம்இஏ 0183ங்கற வடிவத்துல (நேவிகேஷன் கருவிகள் பேசிக்கற பொது மொழி) டேட்டாவை வெளிய அனுப்புமா? ஐஃப்ளை அனுப்பும், ஆண்ட்ராய்டுல இலவசமா கிடைக்கற அவாரேவும் அனுப்பும். ஆட்டோபைலட் பக்கம் ட்ரூட்ராக், ட்ரியோ, டைனான் இப்படி ஹோம்பில்ட்ல பாக்கற பெரும்பாலானது சீரியல்ல இதை வாங்கிக்கும், உங்க இன்ஸ்டலேஷன் மேனுவல்ல எந்த பின், எந்த பாட் ரேட்னு (டேட்டா போற வேகம்) இருக்கும், 4800 இல்லன்னா 9600.

என்எம்இஏன்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, டாலர் குறியில ஆரம்பிக்கற சாதாரண டெக்ஸ்ட் வரிகள்தான், செகண்டுக்கு ஒரு தடவை வரும். நமக்கு ரெண்டு வரி முக்கியம். ஆர்எம்சி சொல்றது நாம எங்க இருக்கோம், எவ்ளோ வேகம், எந்தப் பக்கம் போறோம். ஆர்எம்பி சொல்றது அடுத்த வேபாயின்ட் (ரூட்ல அடுத்து போக வேண்டிய புள்ளி) எது, அது எந்தத் திசையில எத்தனை மைல், கோட்டை விட்டு எவ்ளோ தள்ளி இருக்கோம், திரும்ப இடது பக்கம் போகணுமா வலது பக்கமா. சில ஆட்டோபைலட் ஏபிபி, பிஓடி வரிகளையும் கேக்கும். இதுல பெரிய விஷயம் என்னன்னா ஆர்எம்சி எப்பவும் வந்துட்டே இருக்கும், ஆர்எம்பி மட்டும் ஆப்ல ரூட் ஆக்டிவா இருந்தாத்தான் வரும். "ஜிபிஎஸ் ஓகேன்னு காட்டுது ஆனா நேவ் மோட் ஏறவே மாட்டேங்குது"ன்னு யாராவது புலம்பினா (நேவ்னா ஆட்டோபைலட் ரூட் கோட்டைப் பிடிச்சுப் போற மோட்) முதல்ல ரூட் ஸ்டார்ட் பண்ணினியானு கேளுங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும்.

அடுத்தது டேப்லெட்டுக்கும் சீரியல் ஒயருக்கும் நடுவுல ஒரு அடாப்டர். ஆண்ட்ராய்டுன்னா சீப்பான ப்ளூடூத் சீரியல் மாட்யூலே போதும். ஐபேட்ல அது ஓடாது, ஆப்பிள் லைசென்ஸ் இல்லாத ப்ளூடூத் சீரியலை ஐபேட் கண்டுக்கவே கண்டுக்காது, நான் ஹெச்சி-05ங்கற ப்ளூடூத் மாட்யூல் வாங்கி ஒரு சாயங்காலம் பூரா பேர் பண்ணப் பாத்துட்டு அப்புறம்தான் இதைப் படிச்சேன். ஐபேட்னா வைஃபை டு சீரியல் அடாப்டர் எடுங்க. வாங்கும்போதே இன்னொண்ணும் பாத்துக்கங்க, செல்லுலார் மாடல் ஐபேட்ல மட்டும்தான் உள்ளயே ஜிபிஎஸ் இருக்கும், வைஃபை மட்டும் இருக்கற மாடல்ல கிடையாது.

இங்க ஒரு சிக்கல் வரும். நிறைய பேர் டிராஃபிக், வெதருக்காக ஸ்ட்ராட்டக்ஸ்ங்கற ரிசீவர் வச்சிருப்பீங்க, அதுவும் ஒரு வைஃபை போடும், அடாப்டரும் தனியா ஒரு வைஃபை போடும், டேப்லெட் ஒரு நேரத்துல ஒண்ணுலதான் சேரும். தீர்வு சிம்பிள், அடாப்டரை தனி ஹாட்ஸ்பாட்டா விடாம க்ளையன்ட் மோடுக்கு மாத்தி ஸ்ட்ராட்டக்ஸ் நெட்வொர்க்லயே சேத்துடுங்க. ஸ்ட்ராட்டக்ஸ் வழக்கமா 192.168.10.1-ல உக்காந்திருக்கும், அடாப்டருக்கு அதே வரிசையில ஒரு நிலையான அட்ரஸ் குடுத்து, அந்த அட்ரஸையும் போர்ட் நம்பரையும் ஆப்ல போடுங்க.

ஒயரிங் ரெண்டே ஒயர்தான். அடாப்டரோட டிரான்ஸ்மிட் ஆட்டோபைலட்டோட ரிசீவுக்கு, அப்புறம் கிரவுண்ட் கிரவுண்டுக்கு. இந்த கிரவுண்டை மறந்துட்டு மத்ததெல்லாம் சந்தேகப்படறது எல்லாரும் பண்ற தப்பு. ஆனா நான் மாட்டினது இன்னொரு இடத்துல. சின்ன மாட்யூல் பல அனுப்பறது டிடிஎல் லெவல், 3.3 வோல்ட். ஆட்டோபைலட் எதிர்பாக்கறது ஆர்எஸ்-232ங்கற வேற சிக்னல் முறை. வோல்டேஜ் மட்டும் இல்ல, சிக்னலே தலைகீழ். ஒரு சனிக்கிழமை முழுக்க கேபினுக்குள்ள தலைகீழா படுத்து, பேனலுக்கு அடியில டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, பின் தப்போ கிரிம்ப் தப்போன்னு மாத்தி மாத்தி பாத்தேன். மல்டிமீட்டர் எடுத்திருந்தா ரெண்டு நிமிஷம். டேட்டா எதுவும் போகாதப்ப டிரான்ஸ்மிட் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளந்து பாருங்க, பிளஸ் 3.3 காட்டினா டிடிஎல், மைனஸ் அஞ்சு ஆறுன்னு காட்டினா ஆர்எஸ்-232. டிடிஎல்னா நடுவுல மேக்ஸ்3232 சிப் இருக்கற சின்ன போர்டு ஒண்ணு போடணும், அவ்ளோதான்.

அடாப்டருக்கு பவர் எடுக்கறப்ப தனி ஃப்யூஸ் வச்சே எடுங்க. 14 வோல்ட்டை 5 ஆக்கற சீப் கன்வெர்ட்டர் சிலது ரேடியோவுல இரைச்சலை ஏத்திவிடும், அதனால ரேடியோவோட ஸ்க்வெல்ச்சை (சும்மா வர்ற இரைச்சலை அடக்கற செட்டிங்) திறந்து வச்சு அடாப்டரை ஆன் ஆஃப் பண்ணி காது குடுத்துக் கேளுங்க. சத்தம் மாறிச்சுன்னா கன்வெர்ட்டரை மாத்திடுங்க.

ஆட்டோபைலட்ல சொருகறதுக்கு முன்னாடி லேப்டாப்ல பாத்துடறது நல்லது. யுஎஸ்பி டு ஆர்எஸ்-232 கேபிள் போட்டு புட்டி மாதிரி ஒரு டெர்மினல்ல திறந்தா வரி வரியா ஓடணும். குப்பை எழுத்தா வந்தா பாட் ரேட் தப்பு, இல்ல நான் மேல சொன்ன தலைகீழ் கதை. ஒண்ணுமே வரலன்னா ஒயரு இல்லாட்டி அட்ரஸ். ஆர்எம்சியில மேக்னடிக் வேரியேஷன் (உண்மையான வடக்குக்கும் காம்பஸ் காட்டற வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) சரியா வருதானும் ஒரு கண்ணு வச்சுக்கங்க.

கனெக்ட் ஆகறது சுலபம், அது திடீர்னு அறுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுதான் உண்மையான வேலை. ஐபேட்டை 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் ஓட்டலாம்னு ஆப்பிளே சொல்லுது, டெக்ஸாஸ் ஆகஸ்ட்ல கனோப்பிக்கு அடியில அது எம்மாத்திரம், சூடு எச்சரிக்கை காட்டிட்டு ஸ்க்ரீன் கறுத்துடும். ஆண்ட்ராய்டுல பேட்டரி சேவர் ஆப்பையே தூக்கி சாப்பிட்டுடும், அதை ஆஃப் பண்ணுங்க, ஆட்டோ லாக்கையும் ஆஃப் பண்ணுங்க. தரையில நின்னுட்டே நேவ் மோட் ஏத்தி, டேப்லெட் வைஃபையை ஆஃப் பண்ணிப் பாருங்க. ஆட்டோபைலட் அலாரம் அடிக்குதா, அதோட சொந்த ஜிபிஎஸ்ல ட்ராக் பிடிக்குதா, இல்ல சும்மா றெக்கையை லெவலா வச்சுக்கிட்டு நேரா போகுதா? ஒவ்வொரு மாடலும் ஒரு மாதிரி நடந்துக்கும், உங்களோடது எப்படின்னு நீங்கதான் பாத்து வச்சுக்கணும்.

முதல் பறப்புக்கு தெளிவான வானிலை, பக்கத்துல இன்னொரு பைலட், கீழேர்ந்து ஒரு மூவாயிரம் அடி. டிஸ்கனெக்ட் பட்டன், ப்ரேக்கர் ரெண்டும் கண்ணை மூடிட்டே தொடற மாதிரி தெரிஞ்சிருக்கணும், சர்வோவை (ஆட்டோபைலட்டுக்காக கன்ட்ரோலை அசைக்கற மோட்டார்) கையால மீறி ஸ்டிக்கை திருப்ப முடியுதானு தரையிலயே பாத்திருக்கணும். மேல போய் ரூட் கோட்டுலேர்ந்து ஒரு மைல் தள்ளி பறந்துட்டு நேவ் அமுக்குங்க, பிளேன் கோட்டை நோக்கித் திரும்பணும். அப்படித் திரும்பாம கோட்டைச் சுத்தி பாம்பு மாதிரி நெளிஞ்சா ஆட்டோபைலட்ல கெயினை (எவ்ளோ அழுத்தமா திருத்தணும்ங்கற செட்டிங்) குறைங்க. உயரம் உங்க பொறுப்புதான், இந்த வரிகள் இடது வலது மட்டும்தான் சொல்லும்.

இன்னொண்ணு, ஆட்டம் காணற காத்துல மேப்பை பெருசாக்கப் போய் விரல் பட்டு ரூட் கோடு இழுபட்டுச்சுன்னா பிளேன் ஒண்ணும் கேக்காம அந்தப் பக்கம் சாயும். எனக்கு ஆச்சு, பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு "எங்கப்பா போற?"ன்னான். இப்ப மேப்பைத் தொடணும்னா முதல்ல ஹெடிங் மோடுக்கு (ரூட்டை விட்டுட்டு வச்ச திசையில மட்டும் போறது) மாத்திடறேன், வேலை முடிஞ்சு ரூட்டை ஒரு தடவை பாத்துட்டுத்தான் திரும்ப நேவ்.