மறைக்கல்வி வகுப்பில் புனித இசிதோரை அறிமுகப்படுத்துவது எப்படி?

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகர ஆயரும் மறைவல்லுநருமான (திருச்சபையின் சிறப்பு ஆசிரியராக ஏற்கப்பட்டவருமான) புனித இசிதோரின் திருநாள் ஏப்ரல் 4. அந்நாள் பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்கா எண்கிழமையிலோ (உயிர்ப்பு ஞாயிறு முதலான எட்டு நாள்களிலோ) வந்துவிடுவதால் தனிக் கொண்டாட்டத்துக்கு வாய்ப்பு குறைவு. ஆகவே சென்னையின் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் மறைக்கல்வி கற்பிப்போர், முன்னோ பின்னோ வரும் ஒரு ஞாயிறு வகுப்பை அவருக்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.

முதலில் படத்தைச் சரிபாருங்கள். ஏரும் காளைகளும் இருந்தால் அவர் மாட்ரிட் நகர உழவர் இசிதோர். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பிந்தியவர். நமக்கு வேண்டியவர் ஆயர் உடையில், நூலும் எழுதுகோலுமாக இருப்பார்.

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம், மீன்பிடி வலையிலிருந்து தொடங்குங்கள். இசிதோர் இலத்தீனில் எழுதிய 'எத்திமொலோகியே' என்னும் கலைக்களஞ்சியத்தில் 20 பகுதிகள் உள்ளன. இலக்கணம், மருத்துவம், விலங்குகள், கற்கள், உலோகங்கள் எனப் பலவற்றைப் பேசும் அந்நூலின் 19ஆம் பகுதி கப்பலின் உறுப்புகளையும் பாய்களையும் கயிறுகளையும் வலைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்குகிறது. மீன்பிடித் துறைமுகத்தை அன்றாடம் பார்க்கும் பிள்ளைகளிடம், தங்கள் வீட்டார் படகிலும் வலையிலும் உள்ளவற்றுக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் இதே வேலையை இறைப்பணியாகவே கருதிச் செய்தார் என்று அதன்பின் சொன்னால், அவர்கள் கேட்கும் விதமே மாறிவிடும்.

அடுத்து, அவர் ஏன் எழுதினார் என்பதற்கு வாருங்கள். மேற்கில் உரோமைப் பேரரசு வீழ்ந்து, ஸ்பெயினை விசிகோத்தியர் என்னும் ஜெர்மானிய இனத்தார் ஆண்ட காலம் அது. பழைய கல்வி சிதறிக்கொண்டிருந்தது. 560 அளவில் பிறந்த இசிதோரை வளர்த்துக் கற்பித்தவர் அண்ணன் லெயாந்தர். செவில் ஆயராக இருந்த லெயாந்தருக்குப் பின் 600 அளவில் அப்பதவியேற்ற இசிதோர், 636இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். நூலை அனுப்பும்படி கடிதம்மேல் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கி, அதைப் பகுதிகளாகப் பிரித்து ஒழுங்குசெய்தவர் சரகோசா ஆயர் பிராவுலியோ. இந்த நட்பை விரிவாகச் சொல்லுங்கள். அவர் இல்லையேல் நூல் இவ்வடிவில் நமக்குக் கிடைத்திராது.

பிற்காலச் செய்திகளுக்குச் சில வரிகள் போதும்: 1472இல் ஆக்ஸ்பர்க் நகரில் நூல் அச்சேறியது, 1722இல் இசிதோர் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். நூல் தரும் சொல் விளக்கங்களில் பல தவறானவை என்பதையும் மறைக்காதீர்கள்.

இளைஞர் குழுவானால் 633ஆம் ஆண்டின் நான்காம் தொலேதோ சங்கத்துக்கு (ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள் மாமன்றத்துக்கு) தனியே நேரம் ஒதுக்குங்கள். இசிதோர் தலைமையேற்ற அச்சங்கம் இளங்குருக்களின் பயிற்சிக்கு விதி வகுத்தது. யூதர்களை இனிக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றலாகாது என்ற அதே சங்கம், முன்பே வற்புறுத்தலால் திருமுழுக்குப் பெற்றவர்கள் திரும்பிப் போகக் கூடாது என்றும், யூதப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்றும் விதித்தது. கட்டாய மதமாற்றத்தை நடத்திய மன்னர் சிசெபுத்தை அறிவில்லாத ஆர்வத்துக்காகக் குறைகூறியவரும் இசிதோரே. இவற்றுள் எதையும் விட்டுவிடாமல் முன்வைத்து, கேள்விகளுக்குப் போதிய நேரம் கொடுங்கள்.