ஊர் ஹஜ்ரத்தின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

ஈரோடு, தாராபுரம், பொள்ளாச்சி, பள்ளபட்டி, கோவைக் கோட்டைமேடு என்று கொங்கு நாட்டில் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர்களில், ஒரே பள்ளிவாசலில் பல பத்தாண்டுகள் இருந்து, தந்தைக்கும் பிறகு மகனுக்கும் ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்மார்கள் என்னும் மார்க்க ஆசிரியர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நூல் எதுவும் எழுதியதில்லை. அவர்கள் செய்த வேலை முழுவதும் பிள்ளைகளின் நாவிலும் ஊரின் பழக்கத்திலும்தான் தங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வரலாற்றை எழுத நினைப்பவர் நூலகத்தில் தேடிப் பயனில்லை. அவரிடம் ஓதியவர்களிடமும் மஹல்லாவின் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பின்) பதிவேடுகளிடமும் போக வேண்டும். மூத்த மாணவர்களுக்கே எழுபது, எண்பது வயது ஆகிவிட்ட நிலையில், இந்த வேலையைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

முதலில் செய்ய வேண்டியது, ஹஜ்ரத்தின் வீட்டாரைச் சந்தித்து, எந்தத் தாளையும் அப்புறப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது. இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இறைவசனம் எழுதப்பட்ட பழைய தாள்களைக் குப்பையில் போடக் கூடாது என்பதால், துணியில் சுற்றி மையவாடி என்னும் அடக்கத்தலத்தில் புதைப்பதோ ஓடும் ஆற்றில் விடுவதோ நம் வீடுகளில் வழக்கம். மரியாதையுடன் செய்யப்படும் அந்தக் காரியத்தில், வெள்ளிக்கிழமை உரையான குத்பாவுக்குரிய குறிப்புகளும், பாடம் நடத்திய நோட்டுகளும், கடிதங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஆகவே, எல்லாவற்றையும் ஒரு முறை படம் எடுத்துக்கொள்ளும் வரை பொறுத்திருக்கும்படி அத்தாவின் (தந்தையின்) பொருள்களைப் பாதுகாக்கும் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அரபு எழுத்தில் இருக்கும் நோட்டுகளை அரபு மொழி என்று எண்ணி ஒதுக்கிவிடவும் வேண்டாம். பழைய தலைமுறையினர் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் பழகியவர்கள். அந்தப் பக்கங்களை மூத்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வது நல்லது.

அடுத்தது காலக்கணக்கு. மறைந்த நாளை முதலில் உறுதிசெய்ய வேண்டும், பிறந்த நாளை அல்ல. ஆலிம்களின் வரலாறு எழுதும் மரபே அந்த வழியில் வந்ததுதான். 1282-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு கல்லிகான், சான்றோர்களின் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியபோது, பொதுவாக இறந்த ஆண்டு தெரிந்தவர்களையே சேர்த்துக்கொண்டார். நம் ஊர்களிலும் பிறந்த தேதி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டதாக இருக்கும். இறந்த நாளுக்கோ நகராட்சி அல்லது ஊராட்சியின் இறப்புப் பதிவும், ஜமாஅத்தின் அடக்கப் பதிவும், வீட்டாரின் நினைவும் என்று மூன்று சாட்சிகள் கிடைக்கக்கூடும். மூன்றும் ஒத்துவராவிட்டால், எது தவறு என்று உடனே தீர்மானிக்காமல், நாள் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். ஹிஜ்ரி என்னும் இஸ்லாமியக் கணக்கில் நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறையும்போது, தொடங்குவதால், பெரியவர் ஒருவர் 'வெள்ளி இரவு வபாத்தானார்' என்று சொன்னால் அவர் குறிப்பது வியாழக்கிழமை இரவைத்தான். இந்த ஒரு செய்தி தெரியாததால் பல வரலாறுகளில் ஒரு நாள் பிசகியிருக்கிறது.

ஹிஜ்ரி ஆண்டை மட்டும் சொன்னால், அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1400 என்றால் 1980 வரும். உண்மையில் ஹிஜ்ரி 1400 பிறந்தது 1979 நவம்பரில். தோராயமாகக் கண்டுபிடித்த ஆண்டைத் தோராயம் என்றே எழுதுங்கள். 'முஹ்யித்தீன் ஆண்டவர் மாதம்' என்று ஒரு மூதாட்டி சொன்னால் அது ஹிஜ்ரி ஆண்டின் ரபீஉல் ஆகிர் மாதம்.

ஹஜ்ரத் எந்தப் பள்ளிவாசலில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதற்கு நான் அறிந்த சான்றுகளில் மிக உறுதியானது நிகாஹ் தஃப்தர் என்னும் திருமணப் பதிவேடு. மஹல்லாவில் நடக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும் மணமக்கள், வலீ (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணமகன் தரும் மணக்கொடை) ஆகிய விவரங்களோடு நிகாஹ் நடத்தி வைத்தவரின் கையெழுத்தும் அதில் இருக்கும். முத்தவல்லியிடமும் (பள்ளிவாசல் பொறுப்பாளரிடமும்) ஜமாஅத் நிர்வாகத்திடமும் முறையாக அனுமதி பெற்று, அவருடைய கையெழுத்து முதன்முதலில் வரும் பக்கத்தையும் கடைசியாக வரும் பக்கத்தையும் தேடுங்கள். பணிக்காலத்தின் இரு எல்லைகள் கையில் வந்துவிடும். இடையில் சில மாதங்களுக்கு வேறு கையெழுத்து வந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது: ஹஜ்ஜுக்குப் போனாரா, நோயுற்றாரா, நிர்வாகத்தோடு மனத்தாங்கலா? மற்றக் குடும்பங்களின் விவரங்கள் அந்தத் தஃப்தரில் இருப்பதால் முழுப் பக்கத்தையும் படம் எடுக்காமல், தேதியையும் கையெழுத்தையும் மட்டும் குறித்துக்கொள்வதே முறை. பள்ளிவாசலின் வரவு செலவுப் புத்தகம் கிடைத்தால் சம்பளமும் தெரியவரும். சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதையும், வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துச் சாப்பாடு வந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். அது அவருக்கு இழுக்கல்ல, ஊர் அறிய வேண்டிய செய்தி.

அரசு ஆவணங்களைத் தேடுபவர்கள் மாவட்டப் பெயரில் ஏமாந்துவிடக் கூடாது. தாராபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1979 வரை அது கோவை மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம், 1996-இல் அந்தப் பெயர் ஈரோடு என்று மாறியது, 2009 முதல் திருப்பூர் மாவட்டம். பள்ளபட்டி 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்து, பிறகு கரூருக்கு வந்தது. ஊர் ஒன்றுதான், ஆனால் வக்ஃபு (அறக்கொடைச் சொத்து) தொடர்பான பழைய ஆவணமும் புதிய ஆவணமும் வெவ்வேறு மாவட்டத் தலைப்பின் கீழ் இருக்கும்.

ஹஜ்ரத் எங்கே ஓதினார் என்பதை அவர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டமே பெரும்பாலும் காட்டிவிடும். பாகவி என்றால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி. குர்ஆனை முழுமையாகத் தமிழாக்கிய அப்துல் ஹமீத் பாகவியின் பெயரில் நாம் அறிந்திருப்பது அந்தப் பட்டத்தைத்தான். ஈரோட்டு தாவூதிய்யா அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் தாவூதி. 1866-இல் தொடங்கப்பட்ட தேவ்பந்த் தாருல் உலூமுக்குப் போய் வந்தவர் காஸிமி, லக்னோ நத்வாவில் ஓதியவர் நத்வி. இரண்டு பட்டம் உடையவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஓதி முடித்த பின் ஹதீஸ் (நபிமொழி) பாடத்துக்காக வடக்கே சென்றவர்கள் அவர்கள். கல்லூரிக்கு எழுதும்போது ஹஜ்ரத்தின் பெயரோடு தந்தையின் பெயரையும் ஊரையும் ஏறத்தாழப் பட்டம் பெற்ற ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் ஓதியிருப்பார்கள். வீட்டில் ஸனது (ஆசிரியர் வரிசையைக் காட்டும் சான்று) இருந்தால் அதிலுள்ள ஆசிரியர்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஹதீஸ் ஸனதுகளில் இந்தியாவில் மிகப் பெரும்பாலானவை டெல்லி ஷாஹ் வலியுல்லாஹ் (1703–1762) வழியாக மேலே செல்பவை. அந்தச் சங்கிலியின் ஒரு நுனி நம் ஊர்ப் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் பாயில் அமர்ந்திருந்த ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்தது என்பதைப் படிப்பவர்கள் உணர வேண்டும்.

இனி, வேலையின் இதயமான பகுதிக்கு வருகிறேன். மாணவர்களிடம் பேசும்போது, 'ஹஜ்ரத் எப்படிப்பட்டவர்?' என்று தொடங்கினால், 'ரொம்ப நல்ல மனுஷர், தங்கமானவர்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதில் உண்மையாக இருந்தாலும் அதை வைத்து ஒரு பக்கம்கூட எழுத முடியாது. மாறாக, ஒரு பாடத்தைக் கேளுங்கள். 'மதரஸாவில் முதல் நாள் எங்கே உட்கார்ந்தீர்கள்? எழுத்தை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்' என்று கேட்டால், எழுபது வயதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, 'அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ' என்று அன்றைய இராகத்திலேயே சொல்லத் தொடங்குவார். அந்த இராகம் ஹஜ்ரத்துடையது. காஃப் என்ற எழுத்தை அடிநாக்கிலிருந்து எடுக்க வைக்க அவர் என்ன செய்தார், பிழையாக ஓதினால் நிறுத்தினாரா அல்லது வசனம் முடியும் வரை காத்திருந்து திருத்தினாரா, பாடம் வராத பிள்ளையை எங்கே உட்கார வைத்தார், பிரம்பு இருந்ததா, இருந்தால் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அடி வாங்கியவர்கள் அதைச் சொல்லும்போது இடைமறித்து நியாயப்படுத்தாதீர்கள். சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் கேளுங்கள். ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு, மாலையில் மற்றவர்களுக்கு என்பது பொதுவான வழக்கம். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வருபவர்களுக்கு இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு தனியாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. தறி ஓட்டும் ஊர்களில் மின்வெட்டு நேரம் பார்த்துப் பெரியவர்களை அழைத்து உட்கார வைத்தவர்களும் உண்டு. தன் ஊரின் தொழிலுக்கு ஏற்றபடி பாடத்தை அமைத்த ஆசிரியரை அடையாளம் காண இந்தக் கேள்வி உதவும். எந்த மொழியில் பாடம் நடத்தினார் என்பதும் முக்கியம். வடக்கே ஓதியவர்கள் கிதாபுக்கு (பாடநூலுக்கு) உருதுவில் விளக்கம் படித்துவிட்டு, இங்கே ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கோவையில் ஹனஃபி மஹல்லாக்களுக்கு அருகிலேயே ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது வேறொரு மார்க்கச் சட்ட வழியை, பின்பற்றும் மலையாளக் குடும்பங்களும் வாழ்கின்றன. இரு வழியினரும் வந்து மஸ்அலா (மார்க்கச் சட்ட விளக்கம்) கேட்டபோது அவர் எப்படிப் பதில் சொன்னார் என்று அறிந்தவர் யாராவது இருந்தால், அவரை இரண்டாம் முறையும் சென்று பாருங்கள்.

ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும், யார் சொன்னார், அவர் நேரில் கண்டாரா, வேறொருவரிடம் கேட்டாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹதீஸ் கலை அறிவிப்பாளர் வரிசையைக் கேட்காமல் எதையும் ஏற்பதில்லை. அந்தக் கலையைக் கற்பித்தவரின் வரலாற்றில் நாம் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கராமத்து (இறைநேசர்களின் அற்புதம்) பற்றிய செய்திகள் வந்தால் இன்னார் இப்படிக் கூறினார் என்று பெயரோடு பதிவு செய்யலாம், நடந்ததாக உங்கள் வாக்கியத்தில் எழுத வேண்டாம்.

வீட்டுப் பெண்களை விட்டுவிடுவது நம்மிடம் அடிக்கடி நிகழும் பெரிய குறை. ஹஜ்ரத்தின் மனைவி அதே வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருப்பார். மஹல்லாவின் பெண்கள் மஸ்அலா கேட்டு வந்தது அவரிடம்தான். எழுதுபவர் ஆணாக இருந்தால், உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அவரே கேள்வி கேட்கும்படி செய்யலாம். பள்ளிவாசலுக்கு எதிரில் கடை வைத்திருந்த கவுண்டரிடமும் செட்டியாரிடமும் பேசுங்கள். மஃரிபுக்குப் பிறகு கைக்குழந்தையோடு பள்ளி வாசலில் ஓதிப் பார்க்க நின்ற தாய்மாரில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதைப் பல ஊர்களில் அவர்களே சொல்வார்கள்.

பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பதிவான கேசட்டுகள் கிடைத்தால், பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இயக்கக் கூடாது. பூஞ்சை டெக்கையும் கெடுக்கும், நாடாவையும் அறுக்கும். நல்ல நிலையில் உள்ளதை ஒரு முறை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, பின்னோக்கியும் சுற்றிவிட்டு, பிறகு கணினியில் பதிவு செய்யுங்கள். புகைப்படம் எடுத்துக்கொள்வதைக் கொள்கையாகவே தவிர்த்த ஆலிம்கள் பலர். அப்படிப்பட்டவரின் உருவத்தை யாரையாவது வரையச் சொல்லி அட்டையில் போடுவது, அவர் வாழ்நாளெல்லாம் காத்த ஒன்றை நாம் மீறுவதாகும். கிதாபின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பு ஒன்றைப் படமாக அட்டையில் போடுங்கள், அதுவே போதும்.

நிர்வாகத்தோடு பிணக்கு ஏற்பட்டு ஒரு பள்ளிவாசலை விட்டுப் போனார் என்பது போன்ற செய்திகளை எழுதலாமா என்று பலர் தயங்குவார்கள். போனதையும் போன ஆண்டையும் கட்டாயம் எழுத வேண்டும் என்பதே என் கருத்து, இல்லாவிட்டால் வரலாறு உடைந்துவிடும். காரணத்தை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டும் எழுதி, உயிரோடு இருப்பவர்களின் பெயரைத் தவிர்த்துவிடலாம்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், வீட்டார் ஒருவரும் மூத்த மாணவர் இருவரும் கேட்க முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கிதாபை ஆசிரியர் முன் வாசித்துச் சரிபார்ப்பது மதரஸாக்களில் இன்றும் உள்ள முறை; கண்ணால் படிக்கும்போது தப்பிய பிழைகள் காதில் விழும்போது பிடிபடும். அவர்கள் சொன்ன திருத்தங்களைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, மூலப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். அச்சான பிரதிகளில் ஒன்றை ஹஜ்ரத் ஓதிய அரபுக் கல்லூரியின் நூலகத்துக்கும், ஒன்றை அவர் பணியாற்றிய ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் கொடுத்துவிட்டு, பேட்டிகளின் ஒலிப்பதிவுகளை வீட்டில் ஒரு பிரதியும் மதரஸாவில் ஒரு பிரதியுமாக ஒப்படைக்க வேண்டும்.