கியோட்டோவில் பஸ்ஸை நம்பாமல் ஊர் சுற்றுவது எப்படி?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எங்கே கிளம்பினாலும் முதலில் பஸ் நம்பர்தான் ஞாபகம் வரும். ஜப்பானின் கியோட்டோவில் அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிடும். பெரிய கோயில்கள் ஊர் ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கின்றன. மெட்ரோ இரண்டே லைன்: வடக்கு தெற்காகக் கராசுமா, கிழக்கு மேற்காகத் தோஸாய். மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய அதே 1895இல்தான் அங்கேயும் டிராம் வந்தது. நம்முடையது 1953இல் நின்றது. அவர்களுடைய நகராட்சி டிராம் 1978இல். அந்தக் கூட்டமும் வெளியூர்க் கூட்டமும் இன்று பஸ்ஸில்தான் நெரிகின்றன. அதனால் ரயிலில் முடிந்தவரை கிட்டே போய்விட்டு, மிச்ச தூரத்துக்கு மட்டும் பஸ் பிடியுங்கள், அல்லது நடங்கள்.

வழி கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு என்று பாரிமுனையில் தெருக்கள் வரிசையாகப் போவதுபோல, கட்டம் போட்ட ஊர் அது. குறுக்குச் சாலைகளுக்கு எண்ணே பெயர்: சஞ்சோ மூன்றாவது, ஷிஜோ நாலாவது, கோஜோ ஐந்தாவது. எண் கூடினால் தெற்கே போகிறீர்கள்.

வந்து இறங்கியதும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) டிக்கெட் மெஷினில் இகோகா கார்டு வாங்குங்கள். 2,000 யென் போட்டால் 500 டெபாசிட், 1,500 செலவுக்கு. நம் சிங்காரச் சென்னை கார்டு மாதிரிதான். ரயில், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

முதல் நாளை ஃபுஷிமி இனாரி கோயிலில் தொடங்குவது நல்லது. கட்டணம் இல்லை, கதவு சாத்துவதும் இல்லை. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம் இனாரி, ஐந்து நிமிடம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: லோக்கல் மட்டுமே நிற்கும். நம்மூரில் எக்ஸ்பிரஸ் தண்டையார்பேட்டையில் நிற்காமல் ஓடுமே, அதுபோல ‘ரேப்பிட்’ இனாரியைத் தாண்டிப் போய்விடும். தவறி ஏறிவிட்டால் முதல் நிறுத்தமான தோஃபுகுஜியில் இறங்கி, பின்னால் வரும் லோக்கலைப் பிடியுங்கள். மலையில் வரிசையாக நிற்கும் செந்நிற வாயில்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொடுத்த காணிக்கை. பின்பக்கம் திரும்பிப் பார்த்தால் பெயர் எழுதியிருக்கும். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. முழுச் சுற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முட்டி வலிக்காரர்கள் பாதி வழியில் யோட்சுட்சுஜி என்ற சந்திப்பு வரை ஏறினால் போதும், ஊர் அங்கிருந்தே தெரியும்.

இறங்கியதும் ஜேஆருக்குத் திரும்ப வேண்டாம். பக்கத்திலேயே கெய்ஹான் ரயிலின் ஃபுஷிமி இனாரி ஸ்டேஷன் இருக்கிறது. அதில் ஏறி கியோமிஸு-கோஜோவில் இறங்கி, இருபது இருபத்தைந்து நிமிடம் மேட்டில் நடந்தால் கியோமிஸு கோயில். கட்டணம் 500 யென். மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்தில் நிற்கும் மர மேடை 1633இல் கட்டியது. பிறகு நினென்சாகா கல் படிகள் வழியாகக் கீழே நடந்தே கெய்ஷாக்களுக்குப் பேர்போன கியோன் பகுதிக்குப் போகலாம். அங்கே தனியார் சந்துகளில் போட்டோ எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று போர்டு வைத்திருப்பார்கள், விளையாட்டாக நினைக்காதீர்கள்.

தங்கக் கோயிலான கின்காகுஜிக்கு கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நேரடியாக 205 பஸ் உண்டு, ஆனால் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். கராசுமா மெட்ரோவில் கிட்டாஓஜி போய், அங்கே பஸ் டெர்மினலில் 204 அல்லது 205 பிடித்தால் பத்து நிமிடம்தான். அராஷியாமா மூங்கில் காட்டுக்கு ஜேஆர் சாகானோ லைனில் சாகா-அராஷியாமா, பதினைந்து பதினேழு நிமிடம். அந்த பிளாட்ஃபாரம் ஸ்டேஷனின் மேற்குக் கோடியில் இருப்பதால், நடக்கவே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பஸ்ஸில் ஏறித்தான் ஆக வேண்டுமென்றால்: பின் கதவில் ஏறி, முன் கதவில் இறங்க வேண்டும். கண்டக்டர் கிடையாது. ஊருக்குள் எவ்வளவு தூரம் போனாலும் 230 யென், இறங்கும்போது செலுத்தினால் போதும். உண்டியலில் சரியான சில்லறை போட வேண்டும். பக்கத்து மெஷின் 1,000 யென் நோட்டைத்தான் மாற்றித் தரும், பெரிய நோட்டு செல்லாது. 206 போன்ற வட்டப் பாதை பஸ்கள் ஒரே நம்பரில் இரண்டு திசையிலும் ஓடும். நம்பரை மட்டும் பார்த்து ஏறினால் ஊரையே சுற்றிக் காட்டிவிடும். நெற்றியில் எழுதியிருக்கும் ஊரையும் பாருங்கள். மெட்ரோ, பஸ் இரண்டுக்குமான ஒருநாள் பாஸ் 1,100 யென். பஸ் மட்டும் என்றால் ஐந்து முறை ஏறினால்தான் கட்டும். ஜேஆரிலும் கெய்ஹானிலும் அது செல்லாது, ஆகவே மேலே சொன்ன இனாரி நாளுக்கு வாங்குவது வீண்.

காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டில் பிரச்சினை இல்லை. சைவக்காரர்கள் ‘தாஷி’ என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் ஊற்றும் அந்தச் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்தது.

ஊர் திரும்பும்போது இகோகாவில் மிச்சத்தைச் செலவழித்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் அதில் 220 யென் பிடித்துக்கொள்வார்கள்; பூஜ்யமாக இருந்தால் 500 டெபாசிட் முழுசாகக் கைக்கு வரும்.