டாக்டர் காதில் விழும்படி நோயைச் சொல்வது எப்படி?

எம்.பி.பி.எஸ். மாணவர் வார்டுக்குள் வந்ததும் முதலில் பழகுவது நோயாளியிடம் கேட்டுக் கேஸ் எழுதுவது. என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்பது முதல் வரி. பிறகு அது தொடங்கிய விதம், இடம், பரவும் திசை, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. பழைய நோய், மருந்து, குடும்பம் எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையில் பழகிய காது, வேறு வரிசையில் பேச்சு வந்தால் பொறுக்காமல் கேள்வி கேட்டுவிடும். அமெரிக்காவில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார்.

ஆகவே முதல் வாக்கியத்திலேயே தொந்தரவையும் நாளையும் சொல்லிவிடுங்கள். "போன மாசம் ஊர்த் திருவிழாவுக்குப் போனப்ப…" என்று ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் கேள்வி வந்துவிடும்.

நோய்க்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். இதில்தான் ஆபத்து அதிகம். "கேஸ் டிரபிள்" என்றால், கூட்டம் நெரியும் ஓபியில் அசிடிட்டி மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. "ரெண்டு வாரமா நடு நெஞ்சுல அழுத்துது டாக்டர். மாடி ஏறினா வருது, அஞ்சு நிமிஷம் நின்னா விட்டுடுது, இடது கைக்கும் இறங்குது" என்றால் உடனே இசிஜி எடுக்கச் சொல்வார். ஓய்வெடுத்தும் விடாத நெஞ்சுவலிக்கு ஓபி வரிசையே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தொந்தரவு மூன்று இருந்தால் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னதுமே டாக்டர் அதன் பின்னால் போய்விடுவார். சீட்டு எழுதிய பிறகு "இன்னொண்ணு…" என்று இழுத்தால் அதற்கு நேரம் கிடைக்காது. குறுக்கே கேட்டால் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். கேட்பது அவர் கடமை, மீதியைச் சொல்வது உங்கள் உரிமை.

மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டு போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வலிப்பு, மயக்கம் என்றால் கண்ணால் பார்த்தவரே உடன் வர வேண்டும். கண் செருகியதா, வெட்டி இழுத்தது ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, எத்தனை நிமிடம், நாக்கைக் கடித்தாரா, தெளிந்ததும் ஆளை அடையாளம் தெரிந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். விழுந்தவருக்கு இவற்றில் எதுவும் நினைவிருக்காது.